சத்தமில்லாமல் வரச் சொன்ன மாடு

மாடும் ஈயும் ஒன்றோடொன்று நியாயம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எந்த ஈயும் யாரையும் கடிக்காது. வியர்வையை நக்கிவிட்டுப் பறந்துவிடும்.

அப்போது மயிலை என்றொரு உழவு மாடு இருந்தது. அடேயப்பா, அது பட்ட பாடு! விடிந்தால் ஏர், வெயில் ஏறினால் கிணற்றில் கமலை இறைப்பு, பொழுது சாய்ந்தால் வண்டி. நுகத்தடியை இறக்கினால் போதும், தொப்பென்று விழுந்து கண்ணை மூடிக்கொள்ளும். சொர்க்கமே வந்து கூப்பிட்டாலும் அதற்கு வேண்டாம், கொஞ்சம் தூங்க விட்டால் போதும்.

அன்றும் அப்படித்தான் படுத்தது. ‘ஙொய்’யென்று இரண்டு பெரிய ஈக்கள் வந்து சேர்ந்தன. அக்காள் நீல ஈ, தங்கை மாட்டு ஈ.

“அண்ணே, தூங்கிட்டீங்களா?” என்றாள் தங்கை.

“எங்கே தூங்க விடுறீங்க?”

“வயித்துல முட்டை தங்கவே மாட்டேங்குது அண்ணே. எல்லாம் வத்திப் போகுது. ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தீங்கன்னா என் பிள்ளைங்க பிழைச்சுக்கும்.”

அக்காளுக்குக் கோபம் வந்துவிட்டது. “வெட்கமா இல்லையாடி? உயிரோட இருக்கிறவர்கிட்டப் போய்க் கேக்குறியே! என்னைப் பாரு. அண்ணன் செத்த பிறகு அவர் மேல முட்டை வச்சுக்கலாம்னு எவ்வளவு பொறுமையா இருக்கேன்!”

மயிலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரையும் விரட்டியிருக்கும். அன்று தலையைத் தூக்கவே தெம்பில்லை.

“தாயே, குடிச்சுத் தொலை. ஆனா வரும்போது சத்தம் போட்டு எழுப்பாதே. எனக்குத் தூக்கம்தான் முக்கியம்.”

“சத்தியமா அண்ணே!”

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். அதுதான் வினையாகிப் போனது. பூனைபோல வந்து வயிற்றில் உட்கார்ந்தாள், தோலை அறுத்தாள். மயிலை அலறிக்கொண்டு எழுந்து நின்றது.

“அடிப்பாவி, உயிரே போகுதே!”

“அறுக்காம எப்படிண்ணே குடிக்கிறது? நீங்கதானே சத்தம் போடாதேன்னீங்க?”

முட்டை பிழைத்தது, பிள்ளைகள் பெருகின, அத்தனை பேருக்கும் அவள் ‘சத்தம் போடாமப் போய்க் குடி’ என்றே சொல்லி வளர்த்தாள். முன்பு சத்தம் கேட்டதும் விலகிக்கொள்ளவாவது வழியிருந்தது. அதையும் பாவம் மயிலை தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டது.

கடிக்கத் தெரியாத நீல ஈ இன்னும் பழையபடி ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு சுற்றுகிறது, கடிக்கிற மாட்டு ஈயோ அன்று முதல் வந்து உட்காருவதே தெரிவதில்லை. மாடு எவ்வளவு அசந்து படுத்தாலும் அதன் வால் மட்டும் படுப்பதே இல்லை.