சட்டைக்கு அடியில் ஒரு சிப்பாய்

தையல் மிஷின் சத்தம் மாடிப்படியிலேயே கேட்டது. ஏற ஏற, அதே வேகத்தில் ஆவுடையப்பனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஜெபசீலி நிமிரவில்லை. சட்டை தைப்பவள், செஸ்ஸில் மாவட்டத்தையே ஜெயித்தவள். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

"டீச்சர், ஆட்டத்தை ஆரம்பிக்க வேற ஓப்பனிங் சொல்லிக் குடுங்க."

"போன மாசம் குடுத்தது எங்க?"

"தாங்க மாட்டேங்குது. மூணு ஆட்டம், மூணும் பத்து நகர்த்தலுக்குள்ள போச்சு. நாளைக்கு பஸ் டிப்போல செஸ் டீமுக்கு செலக்‌ஷன். தோத்தா என் இடத்துல புது கண்டக்டர் உட்காருவான். பதினோரு வருஷமா ஆடுற டீம், டீச்சர்."

"யார் என்ன ஆடினாலும் கலங்காம ஆடலாம்னுதானே அதைக் குடுத்தேன்?"

"அதான். நோட்டுல எழுதி மனப்பாடமே பண்ணிட்டேன். பஸ் ஓட்டும்போதும் அதுதான் மண்டைக்குள்ள ஓடுது."

"பஸ்ல வாரவங்க பாவம், அண்ணாச்சி." மிஷினை நிறுத்தினாள். "உட்காருங்க. நீங்க வெள்ளை."

உள்ளங்கையை யூனிஃபார்மில் துடைத்துக்கொண்டார். ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். அவள் ஒரு காயை நகர்த்தினாள். அவள் கை விலகுவதற்குள் இவர் மந்திரியை நோட்டில் இருந்த கட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

ஜெபசீலி, காலர் வைக்காத சட்டையை எடுத்துப் பலகையின் மேல் போர்த்தினாள்.

"அடுத்து என்ன ஆடுவீங்க?"

மளமளவென்று ஆறு நகர்த்தல்களை ஒப்பித்தார்.

"நான் என்ன ஆடினேன்?"

ஆவுடையப்பன் சட்டையின் மேடு பள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதானே ஆடினேன்."

அவள் சட்டையை எடுத்தாள்.

பலகை நடுவில் ஒரு கறுப்புச் சிப்பாய் நின்றது. அதற்குக் காவல் கிடையாது. சும்மா வெட்டியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, அதன் வாய்க்குள்ளேயே மந்திரியைக் கொண்டுபோய் வைத்திருந்தார்.

"அப்போ இந்த ஓப்பனிங்கை விட்டிரவா, டீச்சர்?"

"அதுக்கு ஒரு குறையும் இல்ல. முதல்ல இருந்து வாங்க."

காய்களை அடுக்கினார். சிப்பாயைத் தள்ளினார். கை தானாக மந்திரியை நோக்கிப் போனது. தொடுவதற்கு முன் நின்றது. மெல்ல மடிக்குத் திரும்பியது.

கறுப்புக் காய்களைப் பார்த்தார். அவள் இன்னும் ஒன்றையும் நகர்த்தியிருக்கவில்லை.

ஜெபசீலி மிஷின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து காலரைத் தைக்க ஆரம்பித்திருந்தாள்.

அவர் காத்திருந்தார்.