நாலு மில்லிமீட்டர்

தேவசகாயம் இருபத்தாறு வருஷம் டிவி பழுது பார்த்தவர். ஐம்பது தாண்டியபின் சர்க்யூட் போர்டு வரையக் கற்றுக்கொள்ள கோயம்புத்தூருக்கு வந்தார். கற்றுக்கொடுத்த மெஹருன்னிசா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

பிறந்த குழந்தைகளின் இதயத்துடிப்பைக் கவனிக்கும் கருவி ஒன்று. அதன் போர்டை வரையும் வேலையை அவரிடம் ஒப்படைத்த மெஹருன்னிசா, சிப் தயாரித்த நிறுவனமே வெளியிட்டிருந்த மாதிரி வரைபடத்தையும் கொடுத்தார்.

“இதை அப்படியே எடுத்துக்குங்க, அண்ணாச்சி.”

“எவனோ போட்டதை நகலெடுத்தா, அதுல என் வேலை எங்க இருக்கு டீச்சர்?”



தேவசகாயம் மனமில்லாமல்தான் நகலெடுத்தார். சிப்பின் காலை ஒட்டி ஒரு கெப்பாசிட்டர் கோணலாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதை நாலு மில்லிமீட்டர் தள்ளி, மற்றவற்றோடு வரிசையாக நிறுத்தினார். பார்க்க லட்சணமாக இருந்தது. இதிலாவது நம் கை பட்டிருக்கிறதே என்று ஒரு திருப்தி.

போர்டு தயாராகி வந்தது. இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள், கருவிக்குக் கொடுத்துவந்த செயற்கைத் துடிப்பைச் சட்டென்று நிறுத்திப் பார்த்தார்கள். அலறியிருக்க வேண்டிய கருவி அலறவில்லை. நின்றுபோன இதயத்துக்கு நூற்று நாற்பது என்று காட்டியபடி திரை உறைந்து கிடந்தது.

தேவசகாயம் போர்டைக் கையில் எடுத்தார்.

“டீச்சர், நான்... ஒண்ணே ஒண்ணை நகர்த்தினேன்.”

எதை என்று காட்டினார். மெஹருன்னிசா திட்டவில்லை. சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றி, சிப்புக்குப் போகும் மின்சாரம் தடுமாறாதபடி அதன் காலோடு ஒட்டிப் பற்றவைத்தார். அன்றும் மறுநாளும் துடிப்பை நூறு தடவைக்கு மேல் நிறுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் கருவி அலறியது.

“இனிமே மாதிரியில ஒரு கோட்டைக்கூடத் தொட மாட்டேன் டீச்சர்” என்றார் தேவசகாயம்.

மெஹருன்னிசா கணினியில் அதே வரைபடத்தைத் திறந்தார். ஓர் ஓரத்தில் டிவியோடு இணைப்பதற்கான பகுதி இருந்தது. அதிலிருந்த ஆறு பாகங்களை ஒவ்வொன்றாக அழித்தார்.

தேவசகாயம் பதறிப்போனார். “நீங்க மட்டும் கை வெக்கலாமா?”

“இந்த ஆறும் எதுக்காக இருந்துச்சுன்னு கேளுங்க, சொல்றேன்.” மெஹருன்னிசா நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தார். “நீங்க நகர்த்தினது எதுக்காக அங்க இருந்துச்சுன்னு நான் கேட்கட்டுமா, அண்ணாச்சி?”