தலைவர் மேல் முறையீடு

மாதிரி ஐ.நா. சபை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடத்துவார்களே, ஆளுக்கொரு நாட்டின் பெயரட்டையை மேசையில் வைத்துக்கொண்டு, அப்படி ஒரு சபையின் முதல் நாள். தலைவர் நாற்காலியில் மாசிலாமணி சார். பிள்ளைகளுக்குச் சபை விதிகளை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான்.

செல்லக்கனிக்கு வாய்த்தது ஒரு குட்டித்தீவு நாடு. கடல் ஏறி வருகிறது, எங்கள் ஜனம் எங்கே போகும் என்று கேட்க அவளுக்கு ஒரே ஒரு நிமிடம். அதற்காக ஒரு வாரமாகத் தூக்கத்தில்கூடப் பேசிக்கொண்டிருந்தாள், பாவம். பேச்சாளர் வரிசையில் கடைசிப் பெயர் அவளுடையது.

அவள் முறை வரும்போதா சிறப்பு விருந்தினரின் கார் வந்து நிற்க வேண்டும்! சார் வாசலைப் பார்த்தார். சுத்தியலால் மேசையைத் தட்டினார்.

"பேச்சாளர் வரிசை முடிந்தது. வாக்கெடுப்புக்குப் போகலாம்."

செல்லக்கனி விடவில்லை. அட்டையைத் தூக்கினாள். சார் பார்க்காத மாதிரி இருந்தார். எழுந்தே நின்றுவிட்டாள்.

"சார், வரிசையில ஆள் இருக்கும்போது முடிக்கணும்னா சபையைக் கேட்கணும். நீங்க கேட்கல."

"நேரமில்லம்மா. இது தலைவர் தீர்ப்பு. உட்காரு."

"அப்போ அந்தத் தீர்ப்பு மேல முறையீடு பண்றேன்."

"அடியே, சார்டி!" என்று பக்கத்து நாடு அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. அவள் உட்காரவில்லை.

சாருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் முறையீடு என்று வந்துவிட்டால், தலைவர் தன் தீர்ப்பைத் தானே வாக்குக்கு விட்டாக வேண்டும். விதி அப்படி.

"தலைவர் சொன்னது சரி என்பவர்கள்?"

மடமடவென்று அட்டைகள் எழுந்தன. வல்லரசுகள் முந்திக்கொண்டன.

"தப்பு என்பவர்கள்?"

ஒரே ஒரு அட்டை. பிடித்திருந்தது செல்லக்கனி. இறக்கவில்லை.

"தீர்ப்பு நிற்கிறது" என்றார் சார்.

விருந்தினர் வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். குட்டித்தீவு ஒரு வார்த்தை பேசாமல் மூழ்கிப் போயிற்று.

எல்லோரும் கலைந்த பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சாரிடம் போய் நின்றாள்.

"கோபமா சார்?"

"இல்லாம இருக்குமா? அத்தனை பேர் முன்னாடி!"

"நான் சொன்னது தப்பா?"

"இல்ல. சரிதான்."

"அப்போ நீங்க பண்ணது?"

சார் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"தப்பு."

"நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன் சார்."

"யாரு கேட்கச் சொன்னா?"

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

"ஒருத்தர்கூட என் பக்கம் அட்டை தூக்கலையே சார். நாளைக்கு நான் எதுக்கு வரணும்?"

சார் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வா. நாளைக்கும் நான்தான் தலைவர். நாளைக்கும் தப்புப் பண்ணுவேன்."