ஏரியின் மேலே பலூன்

ரயில் சத்தம் யார் காதிலும் விழாத காலத்தில், வெண்குன்றம் என்ற நாட்டைப் பூபாலவிடங்கன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். அவர் பல்லக்கு எந்தத் தெருவில் போனாலும் முந்தின நாளே அங்கே சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, குடிசைகளைத் தென்னந்தட்டியால் மறைத்துவிடுவார்கள். இருபது வருஷ ஆட்சியில் ராஜா விரிசல் விழுந்த ஒரு சுவரைப் பார்த்ததில்லை.

இந்த ஏற்பாடெல்லாம் நகர அதிகாரி சடைமாயனுடையது. மேற்கு ஏரி வற்றிக் குயவர் தெரு தவிக்கிறது என்று மந்திரி திருமலைக்கொழுந்து சபையில் சொன்னபோது, ஏரி தளும்புகிறது, மந்திரிக்குத்தான் கண் மங்கிவிட்டது என்றார் சடைமாயன். நேரிலேயே பார்ப்பதாகவும், ஏரியில் தண்ணீர் இருந்தால் கொழுந்தின் பதவி போகும் என்றும் ராஜா சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து, சூடான காற்றில் எழும்பும் பலூனோடு ஒரு சீமை வியாபாரி ஊருக்கு வந்திருந்தான். அதிலேயே போவதென்று ராஜா முடிவு செய்தார். வானத்தில் தட்டி கட்ட முடியாதே என்று சடைமாயன் ஒரு நாள் முழுக்கத் தவித்தார். பிறகு படைக் கூடாரங்களுக்கு வைத்திருந்த நீலத் துணி அத்தனையையும் ஏரியில் விரித்துவிட்டார்.

ராஜா, கொழுந்து, சடைமாயன், வியாபாரி என நால்வர் பலூனின் கூடையில் ஏறினார்கள். அரண்மனை கொழுக்கட்டை அளவுக்குச் சுருங்கியது. கடைவீதிக் கூட்டம் கொட்டின எள்போல் இருந்தது. ராஜாவுக்கு ஒரே குஷி. சடைமாயனோ கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவர்தான்.

ஏரி வந்தது. கரை முட்ட நீலம்.

“பதவி போயிற்றே, கொழுந்து” என்றார் ராஜா, வருத்தமாகவே.

கொழுந்து எட்டிப் பார்த்தார். காற்று வீசியும் அலை இல்லை; ஒரு மூலையில் மடிப்புத் தெரிந்தது. துணி என்று சொன்னால் பதவிக்காகப் பேசுகிறான் என்பார்கள். ஆகவே, கடைசியாக இன்னும் உயரப் போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகக் கேட்டார். அதற்குப் பாரம் குறைய வேண்டும் என்றான் வியாபாரி.

“நம்மில் கனமானவர் சடைமாயன்தான், மகாராஜா. கீழே ஆழமான தண்ணீர். பூப்போல வாங்கிக்கொள்ளும்.”

“நல்ல யோசனை. குதியும், சடைமாயரே.”

சடைமாயன் கண்ணைத் திறந்து கீழே பார்த்தார்.

“மகாராஜா, எனக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள்.”

“எனக்கும்தான் இருக்கிறார்கள். தண்ணீர்தானே, குதியும்.”

“தண்ணீர் இல்லை, மகாராஜா. துணி.”

அப்படியானால் தண்ணீர் எங்கே என்று ராஜா தாமே தேடினார். ஆற்றிலிருந்து ஏரிக்கு வரும் கால்வாய், பாதி வழியில் திரும்பிச் சடைமாயனின் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்தது. ஊரிலேயே பச்சையாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

பலூன் குயவர் தெருவில் இறங்கியது. அங்கே யாரும் சுண்ணாம்பு அடித்திருக்கவில்லை. நாக்கு வறண்டுபோன ராஜா, பானை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவளுக்கு ஆள் யாரென்று தெரியவில்லை.

“குடம் எத்தனை வேணும்னாலும் தரேன், ஐயா. தண்ணி மட்டும் கேக்காதீங்க” என்றாள்.

 ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தின் கழுத்தில் போட்டார். சடைமாயன் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார். கால்வாயைத் திருப்பி, அந்தப் பெண்ணின் குடம் நிறைந்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு.

சடைமாயன் வீடு போய்ச் சேர ஒன்பது நாளாயிற்று.