போத்தின் இடது சிறகு

பறவை பேசுவது மனிதருக்கும் மனிதர் பேசுவது பறவைக்கும் புரிந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நஞ்சி என்றொரு பெண் அம்பு செய்து வந்தாள். அவள் குடிசையை ஒட்டி நின்ற இலவ மரத்தின் உச்சியில் போத்து என்ற பறவை குடியிருந்தது. உடம்பு முழுக்கக் கறுப்பு. அந்தக் காட்டில் அதைவிட உயரமாகப் பறந்த பறவை வேறில்லை. நஞ்சிக்கும் அதற்கும் நல்ல சிநேகம். அவள் குச்சி சீவும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்.

அந்நாளில் அம்புக்கு இறகு கிடையாது. எய்தால் பாதி வழியில் தள்ளாடி எங்கேயாவது விழும். அந்த வருஷம் ஊருக்குள் ஒரு சிறுத்தை வர ஆரம்பித்தது. ஆடுகளைத் தூக்கியது. பிறகு தண்ணீர் மொள்ளப் போன நஞ்சியின் நாத்தனாரை இழுத்துக்கொண்டு போனது. எத்தனை அம்பு விட்டும் ஒன்றும் அதன் மேல் படவில்லை.

நஞ்சி அழுதுகொண்டே குச்சி சீவுவதைப் பார்த்த போத்து, "உன் அம்புக்கு வால் இல்லை நஞ்சி. அதுதான் வழி தெரியாமல் போகுது. என் இறகை வைத்துப் பார்" என்றது.

மரத்தடியில் உதிர்ந்து கிடந்த இறகுகளைப் பொறுக்கி ஒட்டினாள். அம்பு முன்னைவிட மோசமாகத் தள்ளாடியது. இறகுகளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இடது சிறகின் இறகு ஒரு பக்கம் வளைந்திருந்தது, வலது சிறகினது மறுபக்கம். ஓர் அம்புக்கு ஒரே பக்கத்து இறகுதான் சேரும். உதிர்ந்ததில் அப்படிப் போதுமான அளவு கிடைக்கவில்லை.

"இடது சிறகில் பிடுங்கிக்கோ. மழை வருவதற்குள் முளைத்துவிடும்" என்று போத்து சிறகை விரித்துக் காட்டியது.

நஞ்சி தயங்கித் தயங்கித்தான் பிடுங்கினாள். தண்டை நடுவில் பிளந்து, உள்ளே பஞ்சு போலிருந்த வெள்ளைச் சோற்றைச் சுரண்டினாள். கொதிக்கும் பானையின் ஆவியில் காட்டி நேராக்கினாள். ஓரத்தை நறுக்கி, அரக்கு வைத்து ஒட்டி, நாரால் சுற்றிக் கட்டினாள். அவள் புருஷன் வெள்ளன் அந்த அம்பைக் கொண்டு போனான். மறுநாளே சிறுத்தை விழுந்தது.

அதன் பிறகு நஞ்சியின் வாசலில் ஆள் ஓயவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள்கூடத் தேடி வந்தார்கள். போத்தும் கேட்டபோதெல்லாம் கொடுத்தது. கோடையில் அதன் துணையைப் பருந்து கொன்றுபோட்டது. கூட்டில் இரண்டு குஞ்சுகள். அப்போதுதான் அது முதல் தடவையாக மறுத்தது.

"இப்போது வேண்டாம் நஞ்சி. புது இறகு முளைத்து வருது. தண்டுக்குள் இன்னும் ரத்தம் ஓடுது. இந்த நேரத்தில் பிடுங்கினால் மறுபடி சரியாக முளைக்காது. குஞ்சுகளுக்கு நான் ஒருத்திதான்."

"நான் தொடவே மாட்டேன்" என்றாள் நஞ்சி. மனசாரத்தான் சொன்னாள்.

சில நாள் கழித்து ஊர் மூப்பன் கோளன் வந்தார். "நாளைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய வேட்டை. அக்கரை ஊர்க்காரர்களும் வருகிறார்கள். உன் அம்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், தாயி" என்றார்.

முடியாது என்று சொல்ல நஞ்சிக்கு வாய் வரவில்லை. அத்தனை பேர் தன் பேரைச் சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது.

அன்று மத்தியானம் போத்து இரை தேடி அலைந்த களைப்பில் அவள் மடியில் தூங்கியது. நஞ்சி இடது சிறகை மெல்ல விரித்து வெடுக்கென்று பிடுங்கினாள். தண்டு முனையில் ரத்தம் சொட்டியது.

போத்து விழித்து அவள் கையைப் பார்த்தது. "கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னது.

"கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாய்."

"ஆமாம்" என்றது போத்து.

அது எழும்பிப் பறக்கப் பார்த்தது. இடப்பக்கம் சாய்ந்து புதருக்குள் விழுந்தது. நஞ்சி நிமிர்ந்து பார்க்காமல் அம்புகளைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டாள். அன்று பெய்த மழையில் ஆறு பெருகியது. வெள்ளம் வடியும்வரை யாராலும் திரும்ப முடியவில்லை.

அவள் வந்தபோது போத்து மரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. மேலே சத்தம் எதுவும் இல்லை. நஞ்சி இலவ மரத்து முள்ளில் கையெல்லாம் கிழியக் கிழிய ஏறினாள். கூட்டில் இரண்டு குஞ்சுகளும் விறைத்துக் கிடந்தன.

"நேற்றுவரை பிள்ளைகள் கூப்பிட்டார்கள். நானும் கீழே இருந்து பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்" என்றது போத்து. அழுது அழுது அதன் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன.

நஞ்சி அம்புகளையெல்லாம் உடைத்து இறகுகளைப் பிரித்தெடுத்தாள். அரக்கை உருக்கி அந்த இடது சிறகில் ஒவ்வொன்றாக ஒட்டினாள். ஒரு பக்கம் கனத்துவிடுமே என்று வலது சிறகிலும் பூசினாள். கறுப்புச் சிறகுகள் இரண்டும் செம்பழுப்பாயின. பறக்கத்தான் முடியவில்லை.

"போதும் நஞ்சி" என்று சொல்லிவிட்டுப் போத்து புதருக்குள் நடந்து போனது. அதற்குப் பிறகு அது எந்த மனிதரிடமும் பேசவில்லை.

நஞ்சி உயிரோடு இருந்தவரை பறவை மேல் கை வைக்கவில்லை. அம்பு கட்டுகிறவர்கள் உதிர்ந்த இறகை மட்டும் பொறுக்கத் தொடங்கியதும், போத்துக்குச் செம்போத்து என்று பேர் வந்ததும் அன்றிலிருந்துதான். சிவந்த கண்ணோடு அது இன்னமும் தரையில் நடந்து, "ஊப்… ஊப்…" என்று உயரத்தைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது.