வெள்ள அறிவிப்பும் நாற்பத்து மூன்றாம் பக்கமும்

பெருந்தேவி அம்மையார் நடத்திய பேச்சுக்கலைப் பள்ளியில் ஒரு விதி உண்டு. சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு சீடரும் ஆய்விதழில் ஒரு கட்டுரையைப் படித்து வந்து, அதைச் சாதாரணப் பேச்சில் சொல்ல வேண்டும். மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்று ஆராயும் காலாண்டிதழ் அது. படம் கிடையாது. பக்கத்தில் பாதி அடிக்குறிப்பு.

இந்த விதியை மனமார வெறுத்தவர் மாசிலாமணி. கொள்ளிடக் கரையில் ஒரு கிராமத்துக்குத் தலையாரி. குருவுக்கு நாற்பத்திரண்டு வயது, இந்தச் சீடருக்கு ஐம்பத்தாறு. அடுக்குமொழியில் அவரை மிஞ்ச அந்தப் பள்ளியில் ஆள் இல்லை. அது அவருக்கும் தெரியும், சிக்கலே அதுதான்.

ஒரு சனிக்கிழமை இதழை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. பேசக் கத்துக்க வந்தவனுக்கு இந்தப் புத்தகம் எதுக்கு?”

“பிடிக்கலையா ஐயா?”

“ஒரு உவமை இல்லை. ஒரு எதுகை மோனை இல்லை. படிச்சா கொட்டாவிதான் வருது.”

பெருந்தேவி மறுக்கவில்லை. சில கட்டுரைகளில் அவருக்கே கொட்டாவி வந்ததுண்டு.

“போன வருஷம் படுகையில வெள்ள அறிவிப்பு செஞ்சீங்களே, அதை அப்படியே இங்க பேசிக் காட்டுங்க.”

மாசிலாமணியின் முகம் மாறியது. ஆற்றுக்குள் மேடாக இருக்கும் படுகையில் அறுபது வீடுகள் உண்டு. மேலே அணையில் தண்ணீர் திறந்தால் அவர்களைக் கரையேறச் சொல்வது தலையாரியின் வேலை. போன ஆடியில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். ஒருவரும் கரையேறவில்லை. இரண்டு நாள் கூரைமேல் கிடந்தார்கள். நாற்பது ஆடுகள் ஆற்றோடு போயின. ஆள் சேதம் இல்லை, அதுவும் பரிசல்காரர்கள் புண்ணியத்தில். இன்னொரு தடவை அப்படி நடந்தால் தாங்க முடியாது என்றுதான் அவர் இந்தப் பள்ளியில் சேர்ந்தார். இன்னும் நன்றாகப் பேசினால் கேட்பார்கள் என்று நம்பினார்.

குரு சொன்ன பிறகு மறுக்க முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பொங்கி வருகிறாள் பொன்னி! புரண்டு வருகிறாள் கன்னி! படுகை வாழ் பெருமக்களே, பாசம் மிகு தாய்மார்களே!”

மூன்று நிமிடம் பேசினார். வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள்.

“அன்னைக்கும் தட்டினாங்களா?” என்று கேட்டார் பெருந்தேவி.

“தட்டினாங்கம்மா. வாசல்ல வந்து நின்னு முழுசாக் கேட்டாங்க. பிரமாதமாப் பேசுறீங்க தலையாரின்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். குரு சிரிக்கவில்லை. இதழில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

“சத்தமாப் படிங்க.”

மாசிலாமணி படித்தார். கடலோரக் குப்பம் ஒன்றில் புயல் எச்சரிக்கை வந்த அன்று மக்கள் என்ன செய்தார்கள் என்று, மூன்று ஆய்வாளர்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதியிருந்தார்கள். எச்சரிக்கையைக் கேட்டதும் யாரும் கிளம்பவில்லை. முதலில் அக்கம்பக்கத்தைப் பார்த்தார்கள். பிறகு தாங்கள் நம்பும் ஒருவரிடம் போய் ‘நிசமா?’ என்று கேட்டார்கள். அந்த ஒருவர் மூட்டை கட்டிய பிறகுதான் மற்றவர்களும் கட்டினார்கள்.

நடுவில் மாசிலாமணி நிறுத்திவிட்டார்.

“எருமைக்காரி காத்தாயி வீட்டைத்தான் பார்த்தாங்க,” என்றார்.

“யாரு?”

“படுகை ஜனங்க. கைதட்டிட்டு எல்லாரும் அவ வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாங்கம்மா.”

“அவங்க என்ன செஞ்சாங்க?”

“தெரியலையே. நான் அடுத்த தெருவுல பேசப் போயிட்டேன்.”

அன்று அவர் இதழை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

பதினைந்து நாளில் மறுபடியும் அணையைத் திறந்தார்கள். காலை ஏழு மணிக்கு மாசிலாமணி படுகையில் இருந்தார். மைக்கில் நாலே வாக்கியம் சொன்னார். பிறகு ஆட்டோவை நிறுத்திவிட்டு நேராகக் காத்தாயி வீட்டுக்குப் போனார். அவள் பால் கறந்துகொண்டிருந்தாள்.

“தண்ணி வருது காத்தாயி.”

“வருஷா வருஷம் வர்றதுதானே.”

அவர் வாய்வரைக்கும் ஒரு நல்ல தொடர் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“உனக்கு என்ன தெரியணும்? கேளு.”

காத்தாயி செம்பைக் கீழே வைத்தாள்.

“என் எருமைங்க எங்க நிக்கும்? மூணு வருஷம் முன்ன ஏறி வந்தப்ப, முகாம் போட்ட பள்ளிக்கூடத்துக்குள்ள மாடு கன்னை விடமாட்டேன்னுட்டாங்க. ராத்திரி பூரா ரோட்டுல நின்னேன்.”

மாசிலாமணிக்கு இது தெரியாது. பதிலும் தெரியாது. அங்கேயே குந்தி உட்கார்ந்து நாலு பேருக்குப் போன் போட்டார். மூன்று பேர் கையை விரித்தார்கள். நான்காவது ஆள் அரிசி மில் முதலாளி.

“மில் களத்துல கட்டிக்கலாம். வைக்கோலும் தர்றாராம்.”

“ஆறு எருமைக்குமா?”

“படுகையில இருக்கிற எல்லா உருப்படிக்கும்.”

“தண்ணி எப்ப வரும்?”

“மூணு மணிக்கு மேல.”

“நிசமா?”

“நிசம்.”

காத்தாயி எழுந்து முதல் எருமையின் கயிற்றை அவிழ்த்தாள். எதிர்வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் பாயைச் சுருட்டினார். அதற்குப் பிறகு மாசிலாமணி பேச வேண்டிய தேவையே வரவில்லை. மதியம் ஒரு மணிக்குள் படுகை காலி. யாரும் கைதட்டவில்லை, எல்லார் கையிலும் கயிறோ குழந்தையோ இருந்தது.

மூன்றரைக்குத் தண்ணீர் வந்தது. காத்தாயி வீட்டுக் கூரை மட்டும் வெளியே தெரிந்தது. மாசிலாமணி களத்தில் தலைகளை எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். ஒரு தலையும் குறையவில்லை. எருமைகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு வருடப் பாரம் அது.

“அதான் எல்லாரும் வந்தாச்சில்ல. இன்னும் எதுக்கு அழுவுற?” என்று காத்தாயி அதட்டி, டீயை நீட்டினாள். அதைவிட நல்ல டீயை அவர் குடித்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு முதல் ஆளாக வந்தார்.

“ஒரு கோழிகூடப் போகலைம்மா.”

பெருந்தேவி கண்களை மூடித் திறந்தார். அணை திறந்த செய்தி கேட்டதிலிருந்து அவரும் சரியாகத் தூங்கவில்லை.

“ஆனா புத்தகத்துல ஒரு குறை இருக்கு,” என்றார் மாசிலாமணி.

“சொல்லுங்க ஐயா.”

“நிசமான்னு கேட்பாங்கன்னு போட்டிருக்கு. காத்தாயி முதல்ல அதைக் கேட்கலை. எருமை எங்க நிக்கும்னுதான் கேட்டா. அதுக்குப் பதில் கிடைச்ச பிறகுதான் நிசமான்னா. இந்த விஷயம் இதுல எங்கயும் இல்லை. ரெண்டு தடவை தேடிட்டேன்.”

பெருந்தேவி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

“எழுதுங்க. இதழுக்கு அனுப்புவோம்.”

“நானா? நான் எட்டாவது படிச்சவன். நான் எழுதினா யாரும்மா படிப்பாங்க?”

“வேற ஏதோ ஒரு ஆத்தங்கரையில, கையில மைக்கோட ஒருத்தர் நிக்கிறார் ஐயா. அவருக்கும் அடுக்குமொழி பிரமாதமா வரும்.”