கவிழ்த்த சீட்டு

முன்னொரு காலத்தில் பொழிற்காட்டு நாட்டை இரணகேசரி என்றொரு ராஜா ஆண்டான். நல்லவனா கெட்டவனா என்று கேட்டால், சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவனுக்குச் சீட்டாட்டம் என்றால் உயிர். அதுவும் பிறத்தியார் உயிர்.

மரண தண்டனை விழுந்தவனுக்காக அவன் சொந்தக்காரர் ஒருவர் ராஜாவோடு ஒரு கை ஆடலாம். ஆளுக்கு மூன்று சீட்டு. தன் சீட்டைப் பார்த்ததும் ராஜா மீசையைத் தடவிச் சிரிப்பான். "காட்டுகிறாயா, கவிழ்க்கிறாயா?" காட்டி ஜெயித்தால் விடுதலை. காட்டித் தோற்றால் கைதிக்குக் கழுமரம். கவிழ்த்துவிட்டால் வாள், ஒரே வீச்சு. யாருக்குத் துணிச்சல் வரும்? எல்லாரும் கவிழ்த்தார்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேர் சீட்டையும் பொறுக்கிக் கட்டி வைப்பது அமைச்சர் நீலகண்டரின் வேலை.

ஒரு பஞ்சத்தில், உத்தரவில்லாமல் களஞ்சியத்தைத் திறந்து ஜனங்களுக்கு நெல் அளந்துவிட்டான் களஞ்சியக்காரன் தாண்டவன். மரண தண்டனை விழுந்தது. அவன் நீலகண்டரின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. அமைச்சர் பதவிமேல் கண் வைத்திருந்த தளவாய் கொண்டப்பர் சும்மா இருப்பாரா?

"பிரபு, அமைச்சர்தான் மகா புத்திசாலி ஆயிற்றே. மைத்துனனுக்காக அவரே ஆடட்டுமே!"

ஆடினார். நீலகண்டரின் கையில் இரண்டு ஆனைச் சீட்டு, ஒரு குதிரைச் சீட்டு. ஜோடியில் ஆனை ஜோடிக்கு மேல் கிடையாது. மிச்ச இரண்டு ஆனையும் ராஜாவிடம் சேர்ந்திருப்பது அபூர்வம். ஒரே படம் மூன்று விழுந்திருந்தால் எந்த ஜோடியும் போச்சு. அது நூறு கையில் ஒன்று விழுந்தாலே அதிகம். ராஜா சிரிக்கிறாரே? எந்தக் கைக்குத்தான் அவர் சிரிக்கவில்லை! வெயிலிலும் மழையிலும் ஒரே மாதிரி கத்துகிற தவளையிடம் என்ன சேதி கேட்பது?

கணக்கு அமைச்சர் பக்கம்தான். ஆனால் அந்த நூறில் ஒன்று விழுந்தால் தாண்டவனுக்குக் கழு. விழாமல் இவர் ஜெயித்தாலோ, ராஜாவைத் தோற்கடித்த தலை எத்தனை நாள் கழுத்தில் நிற்கும்?

ராஜாவுக்குப் பின்னால் சாமரம் வீசிய தளவாய் சீட்டை எட்டிப் பார்த்தார். "அடடா! விஜயலட்சுமியே வந்து உட்கார்ந்திருக்கிறாள், பிரபு!"

நீலகண்டர் கைகூப்பினார். "பிரபுவை எதிர்த்துச் சீட்டைக் காட்ட மனம் வரவில்லை. அந்தக் கையைத் தளவாய் வாங்கிக்கொண்டு என்னோடு ஆடட்டும். அவர் ஜெயித்தால் தாண்டவனோடு நானும் கழுவேறுகிறேன், பதவி அவருக்கு. தோற்றால் அந்தக் கழுவில் அவர் ஏறட்டும்."

ராஜா தொடையைத் தட்டினான். "பலே! இந்தாரும் தளவாயே, பிடியும்."

"பிரபு தொட்ட சீட்டை அடியேன் தொடுவதா? அபசாரம்!"

"நான்தானே தருகிறேன்."

"கை... கை நடுங்குகிறது, பிரபு."

"லட்சுமியை வாங்க எதற்கய்யா நடுக்கம்?"

தளவாய் சாமரத்தைப் போட்டுவிட்டு ராஜாவின் காலில் விழுந்தார். "என் பிள்ளைகுட்டிகள் பிழைக்கட்டும் பிரபு!"

ராஜா சீட்டை மல்லாத்தினான். ஒரு தேர், ஒரு வில், ஒரு தாமரை. ஒன்றுக்கொன்று ஒட்டாத வெறுங்கை. சபை ராஜாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு ராஜாவே சிரித்தான், சாப்பாட்டுக்குப் பின் அல்லவா?

"இதையா லட்சுமி என்றீர்? இனி லாயத்தில் போய்க் குதிரைகளைப் புகழும். அவை உதைத்தால் உம் பாடு. நீலகண்டரே, மைத்துனனைக் கூட்டிப்போம்!" கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான்.

வாசலில் விலங்கு கழன்ற கையைத் தேய்த்தபடி தாண்டவன் சிரித்தான். "அத்தான், ராஜா கையில ஒண்ணுமில்லைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"சீட்டுப் பொறுக்கறவன் நான்தானே. முக்காலும் வெறுங்கைதான்."

"எப்பலேருந்து தெரியும்?"

"வருஷக்கணக்கா."

தாண்டவன் சிரிப்பு நின்றது. "போன ஐப்பசியில குயவர் தெரு மாரக்கா புருஷனுக்காக ஆடினாளே. அவ கவிழ்த்த சீட்டையும் நீங்கதானே பொறுக்கினீங்க?"

நீலகண்டர் தெருவைப் பார்த்தார்.

"என்ன இருந்துச்சு அத்தான்?"

"குதிரை ஜோடி."

"ராஜா கையில?"

அவர் முத்துமாலையைக் கழற்றிக்கொண்டே பல்லக்கில் ஏறினார். தாண்டவன் பல்லக்கில் ஏறாமல் நடந்தே போய்விட்டான்.

அமைச்சரின் சாமர்த்தியத்தை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. குயவர் தெருப் பக்கம் மட்டும் அவர் பல்லக்கு அப்புறம் போனதே இல்லை.